நான் பேசாதிருந்த வருடங்கள்

இன்று காலை எங்கள் அடுக்களையில் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது, அப்பா. மருமகள் பால்காரரிடம் பேசிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள். அதற்குள் வீடு முழுக்கக் காந்தல் வாடை. ஓடி வந்து பானையை இறக்கியவள், "மாமா, செத்த நேரம் பொறுங்க, வேற வச்சுத் தாறேன்" என்றாள். வேண்டாம், இதையே ஊற்று என்றேன். அவள் மேலாக அள்ளப் போனாள். அடியில் இருப்பதையும் சுரண்டிப் போடு என்றேன். பேரப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டே குடித்து முடித்தேன். நிமிர்ந்திருந்தால் என் கண்ணைப் பார்த்திருப்பார்கள்.

நீங்கள் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். உயிரோடு இருந்தபோது எழுத வேண்டி வரவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தோம். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டோம் என்றே நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை என்பது இன்று அந்தக் கஞ்சியைக் குடிக்கும்போதுதான் உறைத்தது.

உங்களுக்குச் சமையல் கடைசிவரை வரவில்லை. அடுப்பில் கஞ்சியை ஏற்றிவிட்டு என்னைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போவீர்கள். எண்ணெய் தேய்த்து, காதுக்குள் தண்ணீர் போகாமல் கையை வைத்து மறைத்துக் குளிப்பாட்டி, துவட்டி, தலை வாரி முடிப்பதற்குள் உள்ளே கஞ்சி கரிந்திருக்கும். அதைப் பலா இலையை மடக்கிய கரண்டியால் எனக்குக் கோரிக் கொடுத்தபடி, "காந்தல் இல்லாத கஞ்சி ஒரு கஞ்சியா மக்கா?" என்று கேட்பீர்கள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பீர்கள். நான் வாய் திறக்க மாட்டேன். "அதுதானே" என்று நான் ஏதோ சொன்னதுபோலத் தலையாட்டிவிட்டு அடுத்த வாய் கொடுப்பீர்கள்.

எனக்கு அப்போது நாலு வயது. அதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை.

அம்மா எனக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது காய்ச்சலில் போனாள். அவள் போன அதிர்ச்சியில்தான் பிள்ளைக்கு நாக்கு எழவில்லை என்றார்கள் சிலர். காது கேட்காது என்றார்கள் சிலர். வைத்தியர் வசம்பை இழைத்து நாக்கில் தடவினார். ஊரில் என் பெயரை யாரும் சொல்லவில்லை. நீங்கள் சாலை ஓவர்சியர் என்பதால் 'ஓவர்சியர் பிள்ளையின் பொட்டன்', அதாவது செவிட்டு ஊமை, என்றுதான் சொன்னார்கள். நாம் வேறு ஊரில் தனியாக இருந்தாலும், அதியன்னூரில் நம் குடும்பம் பெரிய குடும்பம். நிலமும், சர்க்கார் கச்சேரி உத்தியோகமும், சைவ ஆசாரமும் உள்ள வீடு. அங்கே உங்கள் அக்கா, என் அத்தை, உங்களை மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "எலே தம்பி, ஆம்பிளை ஒருத்தன் பிள்ளை வளத்த கதை எங்கயாவது உண்டா? இவன இங்க விடு. நீ ஒரு பெண்ணக் கெட்டு" என்பாள்.

ஒரு முறை விட்டீர்கள். மூன்று நாள். மழையில் சாலை உடைந்து, வீட்டுக்கு வர முடியாமல் நீங்கள் வேலையிடத்திலேயே தங்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் வந்தீர்கள். அத்தை வீட்டு முற்றத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் அத்தை மக்கள் ஒரு வெண்கலத் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பினால் காது கேட்கும், திரும்பாவிட்டால் கேட்காது. அதுதான் விளையாட்டு. ஒவ்வொரு அடியும் எனக்கு மண்டைக்குள் கேட்டது. ஆனால் திரும்பினால் இன்னும் பலமாக அடிப்பார்கள் என்று முதல் நாளே தெரிந்துவிட்டதால் நான் திரும்பவில்லை.

நீங்கள் படியருகில் நின்று அதைப் பார்த்தீர்கள். யாரையும் திட்டவில்லை. வந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வாறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் உங்களை விட்டு இருந்ததில்லை. உங்கள் வேலைக்கே என்னையும் கொண்டுபோகத் தொடங்கினீர்கள்.

அமரவிளைப் பாலத்திலிருந்து பாறசாலை வரையுள்ள சர்க்கார் சாலை உங்கள் பொறுப்பில் இருந்தது. தினமும் காலையில் அதில் ஒரு பாதியை நடந்து பார்க்க வேண்டும். பள்ளம் விழுந்த இடத்தில் சரல் கல் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து நிரப்ப ஆட்கள் இருந்தார்கள். நீங்கள் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியும், கறுப்புக் கோட்டும், ஒரு கையில் குடையும், தோளில் நானுமாக நடப்பீர்கள். எதிரே வரும் வண்டிக்காரர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். உங்களுக்கு அது கண்ணில் படவே படாது. ஏனென்றால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

அப்படி ஒரு பேச்சை நான் வக்கீலான பிறகு எந்தக் கோர்ட்டிலும் கேட்டதில்லை, அப்பா. "மக்கா, இந்த மரம் என்ன மரம்? பாரு, இலை எவ்வளவு பெருசு." நிறுத்தம். "அயனியாக்கும்." பத்து அடி நடை. "அந்தக் காளை ஏன் நொண்டுது? லாடம் கழண்டிருக்குமோ?" நிறுத்தம். "ஆமா, எனக்கும் அப்படித்தான் தோணுது." மரம், பறவை, மடை, மைல்கல், போகிறவர் வருகிறவர், எல்லாவற்றையும் பற்றி என்னிடம் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல எனக்கு நேரம் கொடுப்பீர்கள். நான் சொல்லாவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு நடப்பீர்கள். ஒரு நாளும் "சொல்லு" என்று அதட்டியதில்லை. ஒரு நாளும் பெருமூச்சு விட்டதில்லை.

சாலை ஆட்களுக்குத் தலைவராக மிக்கேல் இருந்தார். பூவார்க் கடற்கரையில் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்து, கடலை விட்டுச் சாலை வேலைக்கு வந்தவர். நான் உட்கார ஓலையால் ஒரு சின்னப் பந்தல் கட்டி, வேலை நகரும்போதெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு நகர்வார். அவர் மனைவி திரேசம்மை. அமரவிளையில் சாலையோரமாகவே அவர்கள் வீடு. மத்தியானம் மிக்கேலுக்குச் சோறு கொண்டு வரும்போது என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

இப்படி ஒன்றரை வருடம் போயிற்று. எனக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது திருவனந்தபுரத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் சாலையைப் பார்க்க வந்தார். யாரோ எழுதிப்போட்டிருக்கிறார்கள், ஓவர்சியர் வேலை நேரத்தில் பிள்ளை வளர்க்கிறார் என்று. குதிரை வண்டியை விட்டு இறங்கியவர், பந்தலில் இருந்த என்னைப் பார்த்துவிட்டு உங்களிடம் கேட்டார்.

"இந்தக் குழந்தைக்கு வீட்டில் யாரும் இல்லையா?"

"நான் உண்டு" என்றீர்கள்.

அவருக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். ஆனால் உத்தரவு உத்தரவுதான். இனிமேல் பிள்ளையை வேலையிடத்துக்குக் கொண்டுவரக் கூடாது, மீறினால் மலைக்காட்டுச் சாலைக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மலைக்காட்டில் அப்போதெல்லாம் மலைக்காய்ச்சல். அங்கே என்னைக் கூட்டிப்போக முடியாது.

வண்டி போன பிறகு நீங்கள் சரல் குவியல்மேல் உட்கார்ந்தீர்கள். மிக்கேல் கொஞ்சம் தள்ளி நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஏமானே, தப்பா எடுக்கப்படாது. பகல் மட்டும் பிள்ளை எங்க குடியில இருக்கட்டும். நம்ம திரேசா பாத்துக்கிடுவா. சாலையில நின்னு பாத்தா ஏமானுக்கு வாசல் தெரியும்."

அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அன்று தெரியாது. அந்தக் காலத்தில் நம் வீட்டுக் கிணற்றடிக்குக்கூட அவர்கள் வர முடியாது. நம் ஆட்கள் அவர்கள் வீட்டில் ஒரு வாய் வெள்ளம் குடித்தால் குடும்பத்தை விட்டே தள்ளிவைப்பார்கள். நீங்கள் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "அங்க இருந்தா அவன் பின்னால யாரும் தாம்பாளம் தட்டமாட்டாங்க, இல்லியா?" என்று கேட்டீர்கள். மிக்கேலுக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்ல ஏமானே" என்றார்.

மறுநாள் முதல் நான் திரேசம்மையின் வீட்டில் இருந்தேன். எனக்கென்று அவள் புதிதாக ஒரு மண்பானை வாங்கி வைத்திருந்தாள். அதில் மீன் கரண்டி படாது. எனக்குக் கஞ்சியும் பயறும் அதில்தான். உங்களிடம் இதை ஒரு பெருமையாக அவள் சொல்லவில்லை. நாலைந்து நாள் கழித்து நீங்களாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டீர்கள்.

ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் முற்பகல், பூவாரிலிருந்து அவள் அண்ணன் கூடை நிறைய மீன் கொண்டு வந்து கொடுத்திருந்தார். அவள் கிணற்றருகே மணைபோட்டு உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு மீனின் வயிற்றைக் கீறி என் மூக்குக்கு நேரே விளையாட்டாக நீட்டினாள்.

"நாறுது" என்றேன்.

அவள் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒரு கையில் மீன் கத்தி, இடுப்பில் நான். செதிலும் ரத்தமுமாகச் சாலையில் ஓடினாள். நீங்கள் தூரத்தில் மடை கட்டும் இடத்தில் நின்றிருந்தீர்கள். கத்தியோடு ஓடி வரும் அவளைப் பார்த்து எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தீர்கள்.

"பேசினான் ஏமானே! பிள்ளை பேசினான்!"

"என்ன பேசினான்?"

"நாறுதுன்னு பறஞ்சான் ஏமானே!"

நீங்கள் சிரிக்கத் தொடங்கினீர்கள். மிக்கேலும் ஆட்களும் சிரித்தார்கள். பிறகு நீங்கள் என் முன்னால் சாலையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டீர்கள். "மக்கா, என்ன நாறுது? அப்பாகிட்ட சொல்லு பார்க்கலாம்." நிறுத்தம். நான் சொல்லவில்லை. "சரி, பிறகு சொல்லலாம்" என்று எழுந்தீர்கள். கொஞ்ச தூரம் போய், முகம் துடைக்கிறதுபோலத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றீர்கள். அதை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து திரேசம்மையோடு பேசினேன். வெள்ளம் கேட்டேன், கோழியை விரட்டினேன், கூடாது என்றேன், வேணும் என்றேன். சாயங்காலம் நீங்கள் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். அவள்தான் உங்களுக்கு அன்றைய கணக்கை ஒப்பிப்பாள், இன்றைக்கு இன்ன சொல் சொன்னான் என்று. நீங்கள் கைகட்டி நின்று கேட்பீர்கள். இன்னொருவர் வாயால் தன் பிள்ளையின் பேச்சைக் கேட்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் அப்பனான பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதுதான், அப்பா. எனக்கு நீங்கள் சொல்லித்தந்த எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தது. அயனி தெரியும், லாடம் தெரியும், மைல்கல் தெரியும். நீங்கள் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பீர்களே, அப்போது சொல் தொண்டை வரைக்கும் வரும். ஆனால் அந்த முகத்தில் அவ்வளவு ஆசை இருக்கும். தப்பாகச் சொல்லிவிட்டால் அது என்ன ஆகும் என்று பயம். திரேசம்மை என்னிடம் ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை; மீனை நீட்டினாள், வந்துவிட்டது. உங்கள்மேல் பிரியம் குறைவென்று நீங்கள் ஒரு நாளாவது நினைத்தீர்களோ என்னவோ. அது அப்படி இல்லை.

இதற்குள் செய்தி அதியன்னூருக்குப் போய்விட்டது. நான் பேசியது அல்ல; எந்த வீட்டில் கஞ்சி குடிக்கிறேன் என்பது. அந்த மாதமே அத்தை மகளுக்குக் கல்யாணம். நமக்கும் அழைப்பு இருந்தது. எனக்குப் புதுச் சட்டை தைத்தீர்கள். அளவு கொஞ்சம் பெரிது. விடியற்காலையில் நடந்து போனோம். தாலி கட்டியாயிற்று, பந்தி போட்டாயிற்று. நாம் போய் உட்காரப் போகும்போது அத்தையின் கணவர் வந்து உங்கள் தோளைத் தொட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"உனக்கும் பயலுக்கும் தொழுத்துப் பக்கமாக்கும் இலை போட்டிருக்கு. தப்பா ஒண்ணும் நினைக்காதே. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

மாட்டுத் தொழுவத்துக்கு அருகே இரண்டு இலை கிடந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பிறகு அத்தையைத் தேடிப் பார்த்தீர்கள். அவள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உங்கள் கண் பட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் அவள்வரை போய், "கல்யாணம் நல்லா நடந்துது அக்கா. வாறேன்" என்று சொல்லி, என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தீர்கள்.

நெய்யாற்றின்கரை தாண்டும்வரை என்னை நடக்கவிட்டீர்கள். பிறகு தோளில் ஏற்றிக்கொண்டீர்கள். உச்சி வெயில். இருவருக்கும் பசி. அன்று நீங்கள் பேசவில்லை.

நான் காத்திருந்தேன். மரம் வந்தது, நீங்கள் கேட்கவில்லை. வண்டி வந்தது, கேட்கவில்லை. பாலம் வந்தது. ஆற்றில் யாரோ யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குக்கூட நீங்கள் நிற்கவில்லை. அந்தச் சாலை எனக்குத் தெரியாத சாலையாக இருந்தது. உங்கள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. பாலத்தைத் தாண்டி முதல் அயனி மரம் வந்ததும் கேட்டுவிட்டேன்.

"அப்பா, இது என்ன மரம்?"

உங்கள் நடை ஒரு அடி தவறியது. என் கணுக்காலைப் பிடித்திருந்த கை இறுகியது. நீங்கள் நிற்கவில்லை, என்னை இறக்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறந்த நாளிலிருந்து நான் பேசிக்கொண்டே இருந்தவன்போல, "அயனியாக்கும் மக்கா" என்றீர்கள்.

"அது?"

"அது புன்னை."

"அது?"

"அதுவும் அயனி."

வீடு வரும்வரை நான் நிறுத்தவில்லை. தெரிந்த மரம் ஒன்றையும் விடவில்லை.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போனதும், தமிழும் மலையாளமும் எழுதப் படித்ததும், நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வக்கீலானதும் நீங்கள் பார்த்ததுதான். என் முதல் வழக்கன்று நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். நீதிபதி என்னிடம் போதும் என்று சொல்லும்வரை நான் பேசினேன். வெளியே வந்ததும், "உன்ன நிறுத்த ஒரு ஆளு வேண்டியிருக்கு" என்று சிரித்தீர்கள். அதியன்னூரோடு பேச்சுவார்த்தை மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் அந்தக் கல்யாணத்தைப் பற்றி நீங்களும் அத்தையும் ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை. நீங்கள் வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

இனி எழுதுவது நீங்கள் பார்க்காதது.

நீங்கள் போன அன்று காலை பத்து மணி இருக்கும். கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அத்தை. அவளுக்கு எழுபது தாண்டியிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் உள்ளே நிறைந்திருந்தார்கள். யாரோ வந்து என் காதில், வெளியே இடவழிச் சந்தில் ஒரு கிழவி வெகு நேரமாக வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றார்கள். போய்ப் பார்த்தேன். திரேசம்மை. மிக்கேல் அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார். அவள் தனியாக வந்திருந்தாள்.

"ஏன் இங்க நிக்கீங்க?"

"இங்கன நின்னாலும் போதும் மக்கா. கொண்டுபோகும்போ ஒரு நோக்கு கண்டா போதும்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் வரமாட்டேன் என்று கையை இழுத்தாள். நான் விடவில்லை. முற்றத்தைக் கடந்து, படி ஏறி, கூடத்துக்குள் கூட்டி வந்தேன். அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். எனக்கும் பயம்தான், அப்பா. கோர்ட்டில் வராத பயம்.

அத்தை திரேசம்மையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு நீட்டியிருந்த காலை மடக்கி, பாயில் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள்.

"இங்க இரி" என்றாள். "வெயில்ல நடந்தா வந்த?"

திரேசம்மை தலையை ஆட்டினாள்.

அத்தை என்னைப் பார்த்து, "மக்கா, இவளுக்குக் கொஞ்சம் வெள்ளம் கொண்டு வா" என்றாள். நான் நம் வீட்டுச் செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரேசம்மை அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போனாள். "சும்மா வாய் வச்சுக் குடி" என்று அத்தை அதட்டினாள். பிறகு இரண்டு கிழவிகளும் உங்கள் தலைமாட்டில் ஒட்டி உட்கார்ந்து அழுதார்கள்.

உங்கள் பங்கு நிலம் கைமாறிப் போய்விட்டது. வீட்டை இடித்துக் கட்டியாயிற்று. உங்கள் கறுப்புக் கோட்டைக் கரையான் தின்றுவிட்டது. அத்தை முற்றத்திலிருந்து நீங்களே வந்து என்னைத் தூக்கிப் போனீர்களே, அதிலிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம் மட்டும்தான். வாசலுக்கு வெளியே யாராவது தயங்கி நின்றால் என்னால் உள்ளே உட்கார்ந்திருக்க முடிவதில்லை. முழங்கால் வலிக்கிறது, எழுந்து போக நேரமாகிறது. "நாங்க போறோம், நீங்க இருங்க" என்கிறார்கள் பிள்ளைகள். அவர்களை விடுவதில்லை. தடியை ஊன்றி நானே போகிறேன். வந்திருப்பவர் யாராக இருந்தாலும், உள்ளே வாங்க என்ற சொல்லை நான்தான் சொல்ல வேண்டும்.